மாமா விட்டுச் சென்ற கொக்கி

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஓர் இரும்புக் கொக்கி தொங்குகிறது. ஒரு சாண் நீளம் இருக்கும். பிடி மரத்தாலானது, கை பட்டுப் பட்டு எண்ணெய் தடவினாற்போல் வழவழவென்றிருக்கும். அதில் நான் வாழைப்பழச் சீப்பை மாட்டி வைப்பது வழக்கம். செராஸில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். "இது என்னக்கா, இறைச்சிக் கடைச் சாமானா?" என்று கேட்டவர்களும் உண்டு. இன்னதென்று சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவரும் நம்மவர் அல்லர். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் நைஜீரியா நாட்டுப் பையன்.

பக்கத்துக் கல்லூரியில் படிக்க வந்தவன். என் பேரனோடு பந்து விளையாடிப் பழக்கம். "நெனெக்" என்றுதான் என்னைக் கூப்பிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாற அழைத்திருந்தோம். தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவன் கொக்கியைக் கண்டதும் பழத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அதைக் கழற்றிக் கையில் பிடித்தான். எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படிப் பிடித்தான். இரும்புத்தண்டு இரண்டு விரல்களுக்கு நடுவே வெளியே வர வேண்டும். பிடி உள்ளங்கையில் அடங்க வேண்டும். எனக்குத் தோசை திருப்பவும் மறந்து போயிற்று.

"இது மூட்டை தூக்குகிற கொக்கிதானே, நெனெக்? என் தாத்தாவிடமும் ஒன்று இருந்தது" என்றான், பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாக.

அவன் ஊர் லாகோஸ். மேற்கு ஆப்பிரிக்காவின் பெரிய துறைமுகப் பட்டணம். அங்கே அப்பாப்பா என்ற துறையில் அவன் தாத்தா கொக்கோ மூட்டையும் கடலை மூட்டையும் சுமந்தவராம். 1975-ஆம் ஆண்டில் அந்த ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. எண்ணெய் விற்ற பணம் கையில் புரளவே, அரசாங்கம் கட்டடம் கட்டவென்று ஏறக்குறைய இரண்டு கோடி டன் சிமெண்டுக்கு ஒரே மூச்சில் ஆர்டர் கொடுத்துவிட்டது. துறைமுகத்தில் இறக்கக்கூடியது அதில் ஒரு சிறு பங்குதான். நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் மாதக்கணக்காக நின்றன. நின்ற கப்பலுக்குக் காத்திருப்புக் கூலி வேறு தண்டம். கப்பலின் வயிற்றுக்குள்ளேயே சிமெண்டு இறுகிக் கல்லாய்ப் போனது. இதைத் தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். அவன் அப்பா லோரி ஓட்டுநர். துறைமுகத்துக்குள் நுழையப் பாலத்தின் மேல் வரிசையில் நின்று, ஒரு வாரம் பத்து நாள்கூட லோரியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாராம்.

"உங்கள் தாத்தாவும் துறைமுகமா?" என்று கேட்டான்.

"தாத்தா இல்லப்பா. மாமா" என்றேன்.

அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு ஒரே தம்பி. 1937-ல் தாத்தாவும் பாட்டியும் கப்பலேறியபோது அம்மாவுக்கு எட்டு வயது, மாமாவுக்கு மூன்று வயது. போர்ட் சுவெட்டன்ஹாமில் இறக்கி, நோய் பார்க்கும் முகாமில் அடைத்து வைத்து, பிறகுதான் கங்காணியிடம் விட்டார்களாம். மறு ஆண்டே, 1938-ல், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் தோட்டம் காப்பார் பக்கம். கித்தா மரம் பாதி, புதிதாகப் போட்ட செம்பனை பாதி. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். மாமாவும் சிறு வயதில் வெட்டியவர்தான். இருபது வயதில் மண்டோரோடு ஏதோ வாய்த்தகராறு. கத்தியை நிரையிலேயே போட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். பாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதாளாம். "காய்ச்சக்கார ஊருடா அது! போனவன் திரும்பமாட்டான்டா!" என்று.

பாட்டி சொன்னது பழங்கதை, ஆனாலும் பொய்யில்லை. 1901-ல் அந்தத் துறைமுகத்தைத் திறந்தபோது அது வெறும் சேற்றுக்காடு. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் வேலையாட்களை வாரிக்கொண்டது. துறைமுகத்தைக் கொஞ்ச காலம் மூடியே வைத்தார்கள். அந்த ஆண்டுதான் கிள்ளானுக்கு வந்திருந்த மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார டாக்டர் மருந்துப் புட்டியோடு நிற்கவில்லை. மண்வெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். சதுப்பில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள், காட்டை அழித்தார்கள், கடல் நீர் ஏறாமல் கரை போட்டார்கள். கொசு குறைந்தது, காய்ச்சலும் குறைந்தது. மண்வெட்டி பிடித்தவர்கள் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மாமா போன 1954-ல் அந்தப் பயம் பேச்சில் மட்டும்தான் மிச்சம்.

துறைமுகம் அப்போது ரயில்வேயின் கையில் இருந்தது. 1963-ல்தான் தனி வாரியத்திடம் போயிற்று. ரயில்வே ஆட்களுக்குக் குவாட்டர்ஸ் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. மாமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டரின் கீழே நாட்கூலி. விடிவதற்குமுன் போய் நிற்க வேண்டும். கப்பல் வந்திருந்தால் மேஸ்திரி கையைக் காட்டி, "நீ வா, நீ வா" என்று கும்பல் பிரிப்பார். வராவிட்டால் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மழை பெய்தாலும் கப்பலின் மூடியைச் சாத்திவிடுவார்கள், அன்றைக்கும் அரைக்கூலிதான்.

எங்கள் வீட்டில் அடிக்கடி இதுபற்றி வாக்குவாதம் நடக்கும். அப்பாவுக்குத் தோட்டத்தில் நாளொன்றுக்கு மூன்று வெள்ளிச் சொச்சம். மாமாவுக்கு ஏழு, எட்டு. இரவு வேலையும் சேர்ந்தால் பதினைந்துகூட வரும். "ரெண்டு நாள் மூட்டை தூக்குனா ஒங்க ஒரு வாரச் சம்பளம் மச்சான்" என்பார் மாமா. அப்பா மெதுவாகப் பேசுகிறவர். "சரி மாப்பிள்ளை. மத்த அஞ்சு நாளு?" என்பார். லயத்துக்கு வாடகை இல்லை, தண்ணீர் உண்டு, பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை உண்டு, நோய் கண்டால் ஆஸ்பத்திரி உண்டு. மாமாவோ பட்டணத்தில் படுக்கிற பாய்க்கும் வாடகை கொடுத்தார். ஒரு கடைவீட்டு மேல்மாடியில் பன்னிரண்டு ஆண்கள். கடையில் சாப்பாட்டுக் கணக்கு. கப்பல் வராத வாரத்தில் கணக்கு ஏறும், வந்த வாரத்தில் இறங்கும். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். இன்றைக்கு வரையில் எது மேல் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

மாமா தோட்டத்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் திருநாள். துணிப்பையில் என்னென்ன இருக்கும்! கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய அரிசியையும் சீனியையும் கூட்டி எடுப்பது துறைமுகத்தில் வழக்கம். அதில் ஒரு பங்கு. சீனப் பேரிக்காய். ஒருமுறை ஒரு மாலுமி கொடுத்தானென்று வெளிநாட்டுச் சோப்பு. அதைத் தேய்த்துக் குளிக்க மனமில்லாமல் அம்மா சேலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மூன்று வருஷம் சேலை மணந்தது.

அவர் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடும். பெரிய கப்பல்கள் நடுநீரில் நிற்கும். தோங்காங் என்கிற படகுகள் போய் ஒட்டிக்கொள்ளும். மூட்டைகளை வலையில் கட்டி இறக்குவார்கள். கீழே நிற்கிறவன் வலை ஆடும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒதுங்க வேண்டும். சயாம் அரிசி மூட்டை நூறு கிலோ. நம் கித்தா ஷீட்டு கட்டு 250 ராத்தல். ஒட்டாமலிருக்க மேலே வெள்ளைப் பவுடர் பூசியிருப்பார்கள். அதை உருட்டி உருட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

"எந்தத் தோட்டத்துக் கட்டுன்னு குறி போட்டிருக்கும் புள்ள. நம்ம தோட்டத்துக் குறியக் கண்டா நான் ஒரு தட்டு தட்டி அனுப்புவேன். எங்க அக்கா வெட்டுன பாலு, பத்திரமா போன்னு" என்று அவர் சொல்லும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதுவாள்.

கொக்கியை வெளியே வைக்கமாட்டார். சாக்கில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். நாங்கள் தொட்டால் மட்டும் கோபம் வரும். "கையில குத்துனா எலும்பு வரைக்கும் போயிரும்" என்பார். அவர் தோளில் கழுத்துக்குக் கீழே காய்ப்பு ஏறிக் கட்டை மாதிரி இருக்கும். அதைத் தட்டிப் பார்ப்பது எங்கள் விளையாட்டு.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து 1968-ல் கிள்ளானில் ரிமூவ் வகுப்புக்குப் போனேன். எங்கள் லயத்திலிருந்து போன முதல் பெண் நான். பஸ் காசும் புத்தகக் காசும் மாமாதான் கொடுத்தார். அவருக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை ஒன்று, வயிற்றில் ஒன்று. அப்படியும் மாதம் பிறந்தால் பத்து வெள்ளி வந்துவிடும். "ஒங்க அம்மாவுக்குத்தான் எழுத்து வரல. ஒனக்காவது வரட்டும்" என்பார்.

அந்த ஆண்டில்தான் ஒரு நாள் மடித்த காகிதம் ஒன்றை என்னிடம் கொடுத்தார். குடியுரிமை கேட்கும் பாரம்.

இந்த விஷயம் இளம் வாசகர்களுக்குப் புரிய வேண்டும். 1957-ல் நாடு விடுதலை பெற்றபோது, இங்கே பல காலம் இருந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்ப் பரீட்சை இல்லாமலே குடியுரிமை பெற வழியிருந்தது. எங்கள் தோட்டத்தில் கிராணியார் ஒருவர் லயம் லயமாகப் போய் எழுதிக் கொடுத்தார். அப்பா, அம்மா இருவருக்கும் நீலக் கார்டு கிடைத்தது அப்படித்தான். மாமா அப்போது தோட்டத்தில் இல்லை. துறைமுகத்தில் அவர் படுத்திருந்த மாடிக்கு எந்தக் கிராணியாரும் ஏறி வரவில்லை. அவர் கையில் சிவப்புக் கார்டுதான். மூன்று வயதில் வந்தவர். ஊரின் முகம்கூட நினைவில்லை. ஆனாலும் சிவப்பு.

"நீதான் படிச்ச புள்ளயாச்சே. வாத்தியாரக் கேட்டு எழுதி வை. அடுத்த மாசம் வந்து கைநாட்டு வைக்கிறேன்" என்றார்.

வாங்கி வைத்துக்கொண்டேன். பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தேன். ரிமூவ் வகுப்பில் நானே திணறிக்கொண்டிருந்த நேரம். வாத்தியாரிடம் கேட்கக் கூச்சம். எங்கள் மாமா சிவப்புக் கார்டு என்று சொல்ல வெட்கம். பதின்மூன்று வயதுப் பெண்ணின் வெட்கம் எவ்வளவு மடத்தனமானது என்று இப்போது சொல்லி என்ன பயன்! அடுத்த மாதம் மாமா வந்தார். "எழுதிட்டியா?" என்றார். "இல்ல மாமா, பரீட்சை" என்றேன். "சரி சரி, படி. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். அதற்கடுத்த மாதம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பாரம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது.

1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 முதல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். தோட்டங்களில் அழுகுரல் கேட்ட காலம் அது. பிறந்த மண்ணை மறந்து, இந்த மண்ணும் சொந்தமில்லை என்றாகி, ஏறக்குறைய 60,000 பேர் கப்பலேறிப் போனார்கள் என்பது சரித்திரம். அதில் ஒருவர் என் மாமா. ஒருமுறை சீட்டுக் கிடைத்தது. மறுமுறை கிடைக்கவில்லை. மேஸ்திரி கைகாட்டும்போது மாமாவைத் தாண்டிக் காட்டினார். அவர்மேல் குற்றமில்லை, சீட்டில்லாத ஆளை வைத்தால் அவருக்கு வம்பு.

நாலு மாதம் பார்த்தார். சீட்டுப் பணத்தை முன்னாலேயே ஏலத்தில் எடுத்துச் செலவழித்தாயிற்று. அத்தை இங்கேயே பிறந்தவள். அவளுக்கு நீலக் கார்டு. "நீங்க போயி இருங்க, நான் புள்ளைங்களோட இங்கயே இருக்கேன்" என்று ஒரு நாளும், "செத்தாலும் ஒங்களோடதான்" என்று மறுநாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் நால்வருமாகப் போவதென்று முடிவாயிற்று.

1970-ல் ரஜுலா கப்பல். 1926-லிருந்து நம்மவர்களை ஏற்றி இறக்கிய கப்பல். ஒவ்வொரு தோட்டத்திலும் அதன் பேர் தெரியாத கிழவர் கிடையாது. மாமா எத்தனையோ முறை அதற்குச் சாமான் ஏற்றியிருக்கிறார். அன்றைக்குத் தன் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். கூலியாள் ஒருவன் ஓடிவந்தான். அவருடைய கும்பலில் இருந்தவன்தான். "விடு அண்ணே, நான் தூக்குறேன்" என்றான். மாமா கொடுக்கவில்லை. பெட்டிக்குள் இரண்டு கம்பளி, கோடாலித் தைலம், மைலோ டின், அத்தையின் தையல் இயந்திரத்தின் தலை மட்டும். கால் பகுதியை எடுத்துப்போக வழியில்லையென்று விற்றுவிட்டார்கள்.

அம்மா அழுது மயங்கி ரயில்வே கிடங்கு ஓரம் உட்கார்ந்துவிட்டாள். மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். இடுப்பிலிருந்து சாக்குச் சுருளை எடுத்து என் கையில் வைத்தார். "அங்க எனக்கு இதுக்கு வேல இல்ல. வெச்சுக்க புள்ள. படிப்ப விட்டுராத" என்றார். பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. எல்லாரும் அழுத கூட்டத்தில் என் அழுகைக்கு யாரும் காரணம் தேடவில்லை.

படிப்பு நின்றது. பஸ் காசு இல்லை என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை. 1971-ல், பதினாறு வயதில், பெரட்டுக் களத்தில் நானும் போய் நின்றேன். செம்பனைக் காட்டில் எனக்குக் கிடைத்த வேலையை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆண்பூவின் தூளை எடுத்து வெள்ளைப் பவுடரோடு கலந்து, குழாய் வைத்த புட்டியில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவின்மேல் ஊத வேண்டும். முள் கிழிக்கும், பாம்பு கிடக்கும். அப்படி ஊதினால்தான் குலை நிறையக் காய் பிடிக்கும். இந்த நாட்டுக் காற்றும் பூச்சியும் அந்த மரத்துக்குப் போதவில்லை. மரமே வேற்றூர் மரமல்லவா? அது மேற்கு ஆப்பிரிக்காவின் காட்டு மரம். 1848-ல் நாலே நாலு கன்றாக ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்து, 1917-ல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வியாபாரப் பயிராக நடப்பட்டது. தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! மரம் வந்தது, அதற்குத் துணையான வண்டு மட்டும் ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டது. அறுபத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து விஞ்ஞானிகள் அதைக் கேமரூன் நாட்டில் தேடிப் பிடித்து, ஆராய்ந்து, 1981-ல் இங்கே பறக்கவிட்டார்கள். எள்ளளவு மூக்கு வண்டு. ஓரிரு வருஷத்தில் காடெங்கும் பரவி, நாங்கள் செய்த வேலையைக் கூலியில்லாமல் எங்களைவிட நன்றாகச் செய்தது. புட்டிகளைத் திரும்ப வாங்கி ஸ்டோரில் அடுக்கிவிட்டார்கள். எங்களை உதிரிப்பழம் பொறுக்க அனுப்பினார்கள்.

இதைச் சொன்னதும் லாகோஸ் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கள் மரம், எங்கள் வண்டு, ஆனால் எண்ணெயை இங்கிருந்து கப்பலில் நாங்கள் வாங்குகிறோம், நெனெக்!" என்றான். உண்மைதான். ஒரு காலத்தில் உலகத்துக்கே செம்பனை எண்ணெய் அனுப்பிய நாடு நைஜீரியா. இங்கே அடுப்படியில் இரண்டரை ரிங்கிட் பொட்டல எண்ணெயைக் காட்டி, "இதன் நிறம் எங்கே போயிற்று?" என்று முதல் நாளே கேட்டவன் அவன். அவன் வீட்டில் எண்ணெய் என்றால் செக்கச்செவேலென்று இருக்குமாம்.

1983-ல் மாமா வந்தார். சிதம்பரம் கப்பலில், சுற்றுலா விசாவோடு. மூத்த மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் தர ஆள் தேடி வந்தவர், எங்களையும் பார்க்க இறங்கினார். அந்தக் கப்பலுக்கும் ஆயுசு அதிகமில்லை; 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டார்கள், அதோடு அதன் ஓட்டமும் நின்றது. மாமாவுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பதுதான், கிழவராகத் தெரிந்தார். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் டீக்கடை. ஊரில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். "மலேயாக்காரர்" என்றுதான் கூப்பிடுவார்களாம். அவர் சொல்லிச் சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை.

"தொறமுகத்தப் பாக்கணும் புள்ள" என்றார். நானும் என் வீட்டுக்காரரும் பஸ்ஸில் அழைத்துப் போனோம். ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்த்து நின்றார். 1972-லேயே போர்ட் கிள்ளான் என்று மாற்றிவிட்டார்கள். "அவன் பேர எடுத்துட்டாங்களா? நல்லது" என்றார். நண்டுத்தீவுக்குப் படகு ஏறும் ஜெட்டியில் நின்று பார்த்தோம். அவர் இருந்த மாடி இருந்தது. கீழே சாப்பாட்டுக் கடை மாறி சைக்கிள் கடையாகியிருந்தது. வடதுறையின் பக்கம் பெரிய பாரந்தூக்கிகள் தெரிந்தன. 1973-லிருந்து அங்கே கொள்கலன் கப்பல்கள் வருகின்றன. அவர் காலத்து அரிசி மூட்டை நூற்றெண்பது, இருநூறு அடங்கும் பெட்டியை ஒரே ஆள் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து இரண்டொரு நிமிஷத்தில் தூக்கி லோரியில் வைத்துவிடுகிறான். மாமா வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார்.

"நம்ம கும்பல்ல பதினாலு பேரு. ஒரு நாள் பூரா தூக்குனாலும் இத்தன வராது" என்றார். பிறகு, "அவங்கல்லாம் எங்க புள்ள?" என்றார்.

சிலர் இறந்துவிட்டதையும், சிலர் காவலாளிகளாக இருப்பதையும், ஒருவர் கிள்ளான் பசாரில் வண்டி தள்ளுவதையும் என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு அந்தப் பக்கம் பழக்கம் உண்டு. (இப்போது அந்தத் துறைமுகத்தை மாமா பார்க்க வேண்டும்! நான் சிறுமியாக இருந்தபோது லுமுட் தீவு என்றழைத்த இடம் இன்றைக்கு இண்டா தீவு; மேற்குத்துறை அங்கேதான். 2024-ல் மட்டும் கிள்ளான் துறைமுகத்தில் இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஒரு கோடியே 46 இலட்சம் கையாண்டிருக்கிறார்கள்.)

வீட்டுக்காரர் தேத்தண்ணீர் வாங்கப் போனார். நாங்கள் இருவர் மட்டும். பதினைந்து வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன். பூகோளப் புத்தகத்தைச் சொன்னேன். வெட்கப்பட்டதையும் சொன்னேன்.

மாமா கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அட, அதயா இன்னும் நெனச்சிக்கிட்டிருக்கே? நீ எழுதியிருந்தாலும் மலாயில பரீட்ச வெப்பாங்கன்னு சொன்னாங்க. அதுக்குப் பயந்துகிட்டு நான்தான் போயிருக்க மாட்டேன். கேக்காம விட்டது நான்தான" என்றார். பிறகு தூக்கியைக் காட்டி, "போகாம இருந்திருந்தாலும் இது வந்து என்ன வெளிய தள்ளியிருக்கும்" என்றார்.

அவருடைய மலாய் எனக்குத் தெரியும். துறைமுகத்தில் மலாய்க்காரர்களோடு பதினாறு வருஷம் பேசிச் சிரித்தவர். எங்கள் தோட்டத்தில் எவரையும்விட நன்றாகப் பேசுவார். எனக்காகச் சொன்ன சமாதானமா, உள்ளபடியே பயந்தாரா என்று அன்றைக்கும் கேட்கவில்லை. 1991-ல் அவர் காலமான தந்தி வந்தபோது, கேட்டிருக்கலாமே என்று தோன்றிற்று.

ஜெட்டியிலேயே பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோயிருந்த கொக்கியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் தானாக இடம் கண்டுகொண்டன. துருப்பிடிக்காமல் நான் தேங்காயெண்ணெய் பூசி வைத்திருந்ததைக் கவனித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி சுற்றி என் பைக்குள்ளேயே போட்டார்.

"சுங்கத்துல இரும்பக் கண்டா கேள்வி கேப்பான் புள்ள. நீயே வெச்சுக்க. வாழத்தாரு மாட்டலாம்" என்றார்.